சிபியு அலறுதுக்கா!

கம்ப்யூட்டர் ரிப்பேர்த் தொழிலில் முதல் பாடம், மிஷினுக்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான்.

எங்கள் கடை சிம்மக்கல் பக்கம், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிறது. நானும் கேசவன் அண்ணனும் கூட்டு. ஒரு ஷோரூமில் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாகக் கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். நான் பேசிக்கொண்டே ஸ்க்ரூ கழற்றுவேன், அவர் பேசாமல் கழற்றுவார். எங்களுக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டில் மேசைக்கடியில் ஒரு சிபியு உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கும். அது உறும உறும நீங்கள் டிவி சவுண்டைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். வெட்கப்பட வேண்டாம், ஊரே அப்படித்தான் இருக்கிறது. உறுமுவது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் படம் காட்டுவதற்கென்றே உள்ளே தனியாகக் குடியிருக்கிற கார்டு அது. வேலை கூடினால் சூடாகும், சூடானால் அதன் மேலிருக்கிற விசிறி வேகமெடுக்கும். அதுவும் போதவில்லை என்றால் மொத்த மிஷினும் பொட்டென்று அணைந்துவிடும். அதற்குப் பிறகுதான் எங்களைத் தேடி மாடி ஏறுவீர்கள்.

மூன்று இடத்தில் நடந்த கல்யாணம்

மேலூரிலிருந்து அழகர் என்று ஒருவர் வந்தார். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர். பஸ்ஸில் சிபியுவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் வேட்டி முழுக்க வெள்ளைத் தூசி. உள்ளே வந்ததும் என்னைத் தாண்டி கேசவன் அண்ணனைப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாண்ணே?" என்றார். அண்ணன் நிமிராமல் என் பக்கம் விரலைக் காட்டினார். அழகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, மூழ்குகிறவன் எதையாவது பிடித்துக்கொள்வது போலச் சிபியுவை என் மேசையில் வைத்தார்.

கதை இதுதான். ஒரு கல்யாண வீடியோவை அவர் முடித்துக் கொடுக்க வேண்டும். பொண்ணும் மாப்பிள்ளையும் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறார்கள். ஆனால் வீடியோ ஒவ்வொரு தடவையும் சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் நின்று, மிஷின் அணைந்துவிடுகிறது. பொண்ணோட அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அபசகுனமால்ல இருக்கு" என்று கண்கலங்கிப் போய்விட்டாராம். நான் அந்த இடத்தில் என்னவெல்லாம் சேர்த்திருக்கிறார் என்று பார்த்தேன். வானத்திலிருந்து ரோஜா கொட்டுகிறது, நட்சத்திரம் மின்னுகிறது, பொண்ணு மாப்பிள்ளையைச் சுற்றி இரண்டு அன்னம் நீந்துகிறது, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. கிராஃபிக்ஸ் கார்டு பாவம், மனுசன் செய்கிற வேலையா அது? சிபியுவைத் திறந்தால் விசிறியையே காணோம். ஸ்டுடியோவுக்கு எதிரே கல் அறுக்கிற பட்டறையாம். பல வருடத்துக் கல் மாவு, கார்டின் மேல் கெட்டியாகப் படிந்திருந்தது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ப்ளோயரை அடித்தோம். அடித்து முடித்தபோது நானும் அழகரும் சுண்ணாம்பு பூசிய ஆட்களாக நின்றோம்.

கார்டின் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவி, காய்ந்துபோயிருந்த பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவி, உடைந்திருந்த விசிறியை மாற்றி, வீடியோவை எங்கள் கடையிலேயே ஓடவிட்டோம். முகூர்த்தம் நெருங்க நெருங்க அழகருக்கு உட்கார முடியவில்லை. எழுந்தார். நானும் எழுந்தேன். கேசவன் அண்ணனும் ஸ்க்ரூட்ரைவரை வைத்துவிட்டு எழுந்தார். கெட்டிமேளம் முழங்கியது, ரோஜா கொட்டியது, அன்னம் நீந்தியது, தாலி ஏறியது, மிஷின் அணையவில்லை. கையில் அட்சதை இல்லாத குறைதான். அழகர் வெள்ளை முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, இந்தக் கல்யாணம் மண்டபத்துல ஒருக்கா நடந்துச்சு, எங்க ஸ்டுடியோவுல பாதி பாதியா நடந்துச்சு, உங்க கடையிலதான்க்கா முழுசா நடந்திருக்கு!"

வாசம் வந்த ஃப்ளெக்ஸ் கடை

ஆயுதபூஜை முடிந்த வாரம் எங்களுக்கு சீசன். மதுரையில் பூஜை போடாத சிபியு கிடையாது. சந்தனம், குங்குமம், திருநீறு எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக் காற்று போகிற ஓட்டையில்தான் வைப்பார்கள். ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கடைக்காரர், செல்வம் என்று பேர், சிபியுவை இறக்கிவைத்துவிட்டு, "சத்தம் மட்டும் வருதுக்கா, மத்தபடி தெய்வாம்சமா இருக்கு" என்றார். தெய்வாம்சம் என்று யாரும் இதுவரை என்னிடம் கோளாறு சொன்னதில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து மல்லிகை வாசம் குப்பென்று அடித்தது.

பக்கவாட்டு ஓட்டை வழியாக மாலை உள்ளே இழுபட்டு, கிராஃபிக்ஸ் கார்டு விசிறியில் நூலும் பூவுமாகச் சுற்றியிருந்தது. கார்டு சூட்டில் பூ வாடி, வதங்கி, கடை முழுக்க மணம் பரப்பியிருக்கிறது. நான் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். வந்தது. இழுத்தேன், இன்னும் வந்தது. ஒரு முழம், இரண்டு முழம் என்று கல்யாணப் பொண்ணு கொண்டைக்குக் காணும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தது. "ஒரு சிபியுவுக்கு எதுக்குங்க இம்புட்டுப் பூ?" என்று கேட்டேன். செல்வம் கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்: "மொத நாளு வாசம் வந்தப்பவே மீனாட்சியே கடைக்குள்ள வந்துருச்சுன்னு நெனச்சுட்டோம்க்கா, அதான் வந்த ஆத்தா போயிரக் கூடாதேன்னு தெனமும் ஒரு சரம் வச்சோம்!"

சல்லடை வைத்த சிபியு

எழுமலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் பெரியகருப்பன். அவர் மகள் நிவேதா மதுரையில் கட்டடக்கலை படிக்கிறாள். கட்டடத்தின் படத்தைக் கம்ப்யூட்டரில் நிஜம் மாதிரியே வரைந்து கல்லூரியில் காட்ட வேண்டும். பெட்டியோடு வாங்கிய ரெடிமேட் சிஸ்டம் அவளுடையது. ஒரு படத்தை முடிக்க அது விடியவிடிய முனகியது. அவளுடைய சீனியர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன்னுடைய பெரிய கிராஃபிக்ஸ் கார்டை அவளிடம் கொடுத்திருந்தார். மூன்று விசிறி வைத்த கார்டு. "இதை மாட்டிருங்கக்கா, திங்கக்கெழமை ப்ராஜெக்ட் காட்டணும்" என்று கொண்டுவந்தாள். மாட்டப் பார்த்தேன். இரண்டு விரக்கடை இடிக்கிறது. கேபினெட்டின் உள்சுவர் விடமாட்டேன் என்கிறது.

"வேற கேபினெட் வாங்கிரலாமாக்கா?" என்று கேட்டாள். அதுதான் இந்த ரெடிமேட் சிஸ்டங்களின் குசும்பு. உள்ளே இருக்கிற போர்டு அந்தக் கம்பெனி டப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தும். டப்பாவை மாற்றினால் போர்டை மாற்ற வேண்டும், போர்டை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அதுவரை ஓரமாக நின்ற பெரியகருப்பன் அண்ணன் முன்னால் வந்து, கேபினெட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். "என்ன கேஜு தகரம்மா இது?" "அண்ணே, அது கம்ப்யூட்டர்ணே." "கம்ப்யூட்டரு உள்ளதானம்மா இருக்கு. வெளிய தகரம்தான?" என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் திறந்தார். பட்டறைக்குச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர். உள்ளே பளபளவென்று, தகரம் அறுக்கிற புதுக் கிரைண்டர் ஒன்று.

நான் உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, வெறும் தகரத்தை மட்டும் மொட்டை மாடிக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் தடுக்க முடியவில்லை. பொறி பறந்தது. இடித்துக்கொண்டிருந்த உள்சுவர் போனது. "காத்து எங்கிட்டு வரும்?" என்று கேட்டார். "முன்பக்கம், ஆனா அதை மூடி வச்சிருக்காங்க" என்றேன், அந்த வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த மூடியும் போனது. ஆர்வத்தில் ஓட்டை நினைத்ததைவிடப் பெரிதாகி, உள்ளே கை விட்டால் முழங்கைவரை போனது. சத்தம் கேட்டுத் திட்டுவதற்காக மேலே வந்த பாத்திரக்கடை முதலாளி, ஓட்டையைப் பார்த்ததும் திட்டுவதை மறந்து கீழே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் மாவுச் சல்லடை! அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. காற்று வரும், தூசி வராது. பவர் சப்ளையைப் பெரிதாக மாற்றி, கார்டை மாட்டி, நிவேதாவின் கட்டடத்தை ஓடவிட்டோம். டீ குடித்து முடிப்பதற்குள் படம் வந்துவிட்டது. அவள் துள்ளிய துள்ளலில் மாடி அதிர்ந்தது. பெரியகருப்பன் அண்ணன் சல்லடையைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு எம்மக ஊருக்கெல்லாம் வீடு கட்டுவா, அவ கம்ப்யூட்டருக்கு வீடு கட்டுனது அவ அப்பன்னு இந்தத் தகரத்துலயே எழுதிரவாம்மா?"

கேசவன் அண்ணன் வாய் திறந்தார்

மஹால் பக்கமிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள். வெளியூர் வியாபாரி வந்து பெரிய திரையில் டிசைன் பார்க்கும்போதெல்லாம் இவர்கள் சிபியு ஊளையிடுகிறதாம். போன வாரம் ஒரு வியாபாரி காதைப் பொத்திக்கொண்டு, டிசைனைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டாராம். இன்னொருவர் மறுநாள் வருகிறார். நான் பார்த்துவிட்டு, "கார்டு நல்லாத்தான் இருக்கு. பேஸ்ட் காஞ்சுபோச்சு, விசிறியில பிசிறு அடைச்சிருக்கு. மெமரி இன்னொண்ணு சேத்தா போதும்" என்றேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் தங்கள் வீட்டுப் பாஷையில் ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் 'கிராஃபிக்ஸ் கார்டு', 'ஃபேன்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் புரிந்தன. மற்றதெல்லாம் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகித்ததுதான். ஊகித்தவரைக்கும் நல்லவிதமாக எதுவும் இல்லை.

கேசவன் அண்ணன் குனிந்து பிரஷ்ஷால் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் அதே பாஷைதான் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அண்ணன் காது மட்டும் மெதுவாகச் சிவந்துகொண்டு வந்தது. துடைத்தார், பேஸ்ட் வைத்தார், மாட்டினார். ஆன் செய்தால் சத்தமே இல்லை. பெரியவர் காதைக் கொண்டுபோய் சிபியுவில் வைத்துப் பார்த்தார். "ஓடுதாம்மா?" என்று என்னைக் கேட்டார். திரையில் சேலை பளிச்சென்று விரிந்தது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல். பெரியவர் கைகூப்பினார்.

அப்போதுதான் கேசவன் அண்ணன் நிமிர்ந்து, அவர்கள் பாஷையிலேயே, சாந்தமாக ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு எனக்கு அர்த்தம் சொன்னார். இந்த ஆளைப் பார்த்தால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டுகிற முழி தெரிகிறதே என்று தம்பி சொல்லியிருக்கிறார். அதற்கு இவர் சொன்ன பதில், "நல்ல சாமான் உள்ளதான் இருக்கு, முழி மட்டும் பொறந்ததிலேருந்தே இப்படித்தான்." தம்பி தன் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். பெரியவர்தான் சமாளித்தார்: "அண்ணே, நம்மாளுன்னு மொதல்லயே சொல்லிருந்தா, கீழ பாத்திரக்கடை வாசல்ல போய் நின்னு திட்டிருப்போம்ல!"

நடுரோட்டில் நின்ற லாரி

ஒருநாள் சோழவந்தானிலிருந்து போன். ஓர் அம்மா பதறினார். "ரிப்பேர்க் கடையாம்மா? எங்க வீட்டுக்காரரு லாரி நடுரோட்டுல நின்னுபோச்சு." நான், "அம்மா, இது கம்ப்யூட்டர் கடைம்மா" என்றேன். "தெரியும்மா. லாரி கம்ப்யூட்டருக்குள்ளதான் நிக்குது."

அவர் பேர் பஞ்சவர்ணம். வெற்றிலை வியாபாரம். கணவர் செல்லையா பல வருடம் வடக்கே லாரி ஓட்டியவர். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு, இனிமேல் லாரியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் இல்லை, சாப்பாடு இல்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மகள்தான் யோசித்து, ஒரு ரெடிமேட் சிஸ்டமும், ஸ்டியரிங்கும், காலால் மிதிக்கிற பெடலும், லாரி ஓட்டுகிற கேமும் அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு எழுந்தவர்தான். வெளிநாட்டுப் பனி ரோட்டில் தினமும் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இப்போது சித்திரை வெயில். கொஞ்ச நேரம் ஓட்டியதும் மிஷின் அணைந்துவிடுகிறது. "திரும்பவும் செவுத்தப் பாக்க ஆரம்பிச்சுட்டாரும்மா" என்றார் அந்த அம்மா. வீட்டுக்குப் போய் வேலை பார்ப்பதில்லை என்பது எங்கள் கடைச் சட்டம். நான் அதைச் சொல்வதற்குள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கேசவன் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

முன்னறையைப் பார்த்ததும் நான் வாயைப் பிளந்தேன். நாற்காலிக்குப் பதில் பழைய லாரி சீட்டு. மானிட்டருக்கு மேலே எலுமிச்சையும் மிளகாயும். கண்ணாடி துடைக்க ஒரு மஞ்சள் துணி. சிபியுவை மட்டும் காணோம். "வண்டி எங்கய்யா?" என்றேன். செல்லையா அய்யா ஒரு மூலையைக் காட்டினார். அங்கே ஈரச் சாக்கு ஒன்று குவியலாக இருந்தது. தூக்கினால் அடியில் சிபியு! அதன் தலைமேல் வெற்றிலைக் கட்டு! "வெத்தல ஈரச் சாக்குல எம்புட்டு நேரமானாலும் குளுகுளுன்னு இருக்கும்மா. இதுவும் இருக்கும்னு பாத்தேன்" என்றார். காற்று போகிற ஓட்டை எல்லாம் சாக்கால் அடைபட்டு, சிபியு வெந்துகொண்டிருந்தது. வெற்றிலையும் பாதி வெந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் ப்ளக்கை அவரே பிடுங்கினார். நல்லவேளை, தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, மேல்தகரம் மட்டும் துருப்பிடித்திருந்தது.

அய்யா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒர்க்‌ஷாப்பில் தன் லாரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பேஸ்ட் வைக்கும்போது, "கிரீஸு தாராளமா வைம்மா" என்றார். கூட வைத்தால் ஆகாது என்றேன். நம்பவில்லை. கார்டுக்குப் புது விசிறி, முன்பக்கம் காற்று இழுக்க இரண்டு விசிறி, கூடுதல் மெமரி எல்லாம் மாட்டி, சிபியுவை மூலையிலிருந்து மீட்டு ஜன்னலோரம் வைத்தோம். டெஸ்ட் டிரைவ். அய்யா சாமி கும்பிட்டு சீட்டில் ஏறினார். நாங்கள் இரண்டு பேரும் பஞ்சவர்ணம் அம்மாவும் பின்னால் கட்டிலில். மலைப் பாதை, பனி, வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் கட்டிலில் இருந்த மூன்று பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். வருடம் முழுக்கப் பேசாத கேசவன் அண்ணன், "அண்ணே, ரைட்டுல கார் வருது, மிதிங்க, மிதிங்க!" என்று கட்டிலில் இருந்தே பிரேக் மிதித்தார். லோடு ஊர் போய்ச் சேர்ந்தது. கார்டு தொட்டுப் பார்க்கிற சூட்டில்தான் இருந்தது. நாங்கள் கைதட்டினோம்.

அய்யா முகத்தில் மட்டும் ஏதோ குறை. "ஏங்கய்யா?" என்றேன். "சத்தமே இல்லையேம்மா. எஞ்சின் ஆஃப் ஆன மாதிரி இருக்கு. சத்தமில்லாம வண்டி ஓட்டுனா எனக்குத் தூக்கம் வந்துரும்." கேசவன் அண்ணன் யோசித்தார். கேமுக்குள் போய் எஞ்சின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, பெரிய ஸ்பீக்கரை சீட்டுக்கடியில் தள்ளினார். அடுத்து சாவி போட்டதும் லாரி உறுமியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. அய்யா ஹார்னை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "ஏய் பஞ்சு, நாளைக்குத் திரும்பி வாரேன், கறி எடுத்து வையி!" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் ஒதுங்கினார்கள். சத்தம் அதிகமா என்று நான் ஜாடையில் கேட்டேன். பஞ்சவர்ணம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே என் காதருகில் வந்து சொன்னார்: "இருந்துட்டுப் போகட்டும்மா, மனுசன் வீட்டுலதான் இருக்காருன்னு இந்தத் தெருவுக்கே தெரியட்டும்!"

ஆக, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆயுள் கூட என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு அத்துபடி, அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களால் எங்கள் ஆயுள் கூடுகிறதா குறைகிறதா என்பதில்தான் எனக்கும் கேசவன் அண்ணனுக்கும் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.